அரிசி டிரம்முக்குள் அடாப்டர்

கறுப்புப் பியானோவின் முன்னால் உட்கார வைக்கப்பட்ட என் மகள் நித்திலா, கட்டைகளைத் தொடவில்லை. முதலில் பியானோவின் வலது ஓரத்தைத் தடவிப் பார்த்தாள். பிறகு இடது ஓரம். அதன்பின் ஸ்டூலிலிருந்து சரிந்து இறங்கி, குனிந்து அடிப்பக்கத்தைப் பார்த்தாள். பட்டுப்பாவாடை தரையில் புரண்டது.

எங்களுக்குப் பின்னால் தாம்பாளங்களோடு ஒரு வரிசையே நின்றுகொண்டிருந்தது. அன்று விஜயதசமி. தஞ்சாவூரில் ஒரு மருந்துக் கடையின் மாடியில் ஜெனிபர் மிஸ் நடத்தும் பியானோ வகுப்பு. கூடம் முழுக்க வாழைப்பழ வாசனை.

நித்திலா நிமிர்ந்து என்னைப் பார்த்து, எல்லாருக்கும் கேட்கிற குரலில் கேட்டாள்.

"அம்மா, இதுல டெமோ பட்டன் எங்க இருக்கு?"

வரிசை சிரித்தது. ஜெனிபர் மிஸ்ஸும் சிரித்தாள். நான் சிரிக்கவில்லை.

சில வாரங்களுக்கு முன் இந்தத் தொடரில் எங்கள் வீட்டுக் கீபோர்டைப் பற்றி ஒரு வரி எழுதியிருந்தேன். அதைப் படித்துவிட்டு ஒரு வாசகி கேட்டிருக்கிறார்: என் பையனுக்கு நாலரை வயது, பியானோ வகுப்பில் சேர்க்கலாமா, தயாராகிவிட்டான் என்று எப்படித் தெரிந்துகொள்வது? எனக்குத் தெரிந்த பதில் கொஞ்சம் நீளமானது. அது அந்தப் பட்டனைத் தேடிய கையிலிருந்து தொடங்குகிறது.

தோகாவிலிருந்து வந்த கச்சேரி

எங்கள் வீடு பூதலூரில், ஸ்டேஷன் சாலையில் இருக்கிறது. முன்பக்கம் என் கணவர் செல்வத்தின் உரக்கடை, பின்பக்கம் வீடு. நான் தஞ்சாவூரில் விதைப் பரிசோதனை நிலையத்தில் வேலை பார்க்கிறேன். விதை நீ, உரம் நான், தண்ணிதான் யாரு கையிலன்னு தெரியலை என்பது கல்யாணமான நாளிலிருந்து அவர் சொல்லிவரும் நகைச்சுவை.

தோகாவில் வேலை பார்க்கும் என் கொழுந்தன் குமார் விடுப்பில் வந்தபோது அந்தக் கீபோர்டைக் கொண்டுவந்தார். அதில் டெமோ என்று ஒரு பட்டன் உண்டு. அழுத்தினால் அதுவே வாசிக்கும். நித்திலா அதை அழுத்திவிட்டு, இரண்டு கைகளையும் கட்டைகளுக்கு ஒரு விரற்கடை மேலே வைத்து ஆட்டுவாள். தலையையும் சாய்ப்பாள். பாட்டு முடியும்போது சரியாகக் கையை எடுத்து மடியில் வைத்துக்கொள்வாள்.

வீட்டில் எங்களுக்கு விஷயம் தெரியும். தெரிந்துதான் ரசித்தோம். செல்வம் எடுத்து அனுப்பிய வீடியோவைப் பார்த்த குமார் மட்டும் நம்பிவிட்டார். தன் அறையில் இருப்பவர்களுக்கெல்லாம் காட்டினாராம். "அண்ணி, புள்ளைய சாதாரணமா நினைக்காதீங்க. இந்த விஜயதசமிக்கே சேர்த்துடுங்க, விட்டா இன்னும் ஒரு வருஷம்" என்று போனில் சொன்னார்.

அவருக்கு உண்மையைச் சொல்ல எனக்கு மனம் வரவில்லை. அதோடு, அந்தக் கைகள் தாளம் தவறாமல் ஆடுவதை நானும் பார்த்திருந்தேனே. தாளம் பிடிபட்ட பிள்ளைக்கு மீதி தானாக வரும் என்று நினைத்தேன்.

நான் எதையும் முறையாகச் செய்கிறவள். இணையத்தில் தேடி, ஒரு குழந்தை பியானோவுக்குத் தயார் என்பதற்கான அடையாளங்களை ஒவ்வொன்றாகப் படித்தேன். கால்மணி நேரம் ஓரிடத்தில் உட்கார வேண்டும். வலது கை எது, இடது கை எது என்று தெரிய வேண்டும். ஐந்து விரல்களுக்கும் எண் சொன்னால் அந்த விரலை மட்டும் தூக்கிக் காட்ட வேண்டும். ஆங்கில எழுத்துகளில் முதல் ஏழு தெரிய வேண்டும். கண்ணை மூடிக்கொண்டு, கேட்பது கீழ்ச்சத்தமா மேல்சத்தமா என்று சொல்ல வேண்டும். புரட்டாசி முழுவதும் ஒவ்வொன்றையும் பழக்கினேன். எல்லாவற்றிலும் அவள் தேறினாள்.

எட்டாத காது

நான் ஏன் அவ்வளவு அவசரப்பட்டேன் என்பதற்கு ஒரு பழைய கதை இருக்கிறது.

எங்கள் அப்பா நன்னிலம் பக்கத்தில் கூலிக்கு நடவும் அறுப்பும் பார்த்தவர். என்னைப் பள்ளிக்கூடத்தில் சேர்க்க அழைத்துப் போன காலத்தில் பிறப்புச் சான்றிதழெல்லாம் யாரும் கேட்பதில்லை. வலது கையைத் தலைக்கு மேலாகக் கொண்டுபோய் இடது காதைத் தொட வேண்டும். தொட்டால் ஐந்து வயது. தொடாவிட்டால் அடுத்த வருஷம்.

என் கை எட்டவில்லை. உச்சந்தலையைத் தாண்டி நெற்றிப்பொட்டு வரைதான் வந்தது. பின்னால் நின்ற அப்பா என் தலையை ஒரு கையால் சாய்த்து, மறு கையால் என் விரல்களைப் பிடித்து இழுத்துக் காதில் வைத்தார். "எட்டுது சார், எட்டுது" என்றார். அவர் கையில் சேறு காய்ந்த வாசனை இருந்தது. தலைமையாசிரியர் ஜன்னலுக்கு வெளியே பார்த்துக்கொண்டே பேரை எழுதினார்.

முதல் வகுப்பை நான் தூங்கியே கழித்தேன். மதிய உணவு மணிக்கு மட்டும் எழுவேன். அடுத்த வருஷமும் அதே வகுப்பில்தான் உட்கார்ந்தேன், அப்போதுதான் எழுத்து ஏறியது. அப்பா செய்ததில் தவறே இல்லை. வீட்டில் அடுப்பு எரியாத பகல்கள் இருந்தன, பள்ளிக்கூடத்தில் சோறு இருந்தது.

அவர் அடிக்கடி சொல்வார்: "தண்ணி வந்த அன்னிக்கு விதைக்காதவன், பொறவு வரப்புல உட்கார்ந்து வேடிக்கதான் பார்க்கணும்." எங்கள் வீட்டில் யாரும் எதற்கும் தயாரான பிறகு போனதில்லை. கதவு திறந்தால் போய்விட வேண்டும். படிப்புக்கு, வேலைக்கு, கல்யாணத்துக்கு எல்லாவற்றுக்கும் அப்படித்தான் போனோம். நித்திலாவை அழைத்துக்கொண்டு மருந்துக் கடை மாடி ஏறியபோது என் காலும் அந்தப் பழக்கத்தில்தான் ஏறியது.

தூங்குகிற விரல்

ஜெனிபர் மிஸ்ஸுக்கு முப்பது வயது இருக்காது. பொறியியல் படித்துவிட்டு, தேவாலயத்தில் பியானோ வாசித்துக்கொண்டு, மாலையில் வகுப்பு எடுக்கிறாள். அவள் வீட்டில் விஜயதசமி கிடையாது. ஆனால் தஞ்சாவூர்ப் பெற்றோருக்கு எந்தப் படிப்பும் அன்றுதான் தொடங்க வேண்டும். தாம்பாளத்தில் பச்சரிசி பரப்பி, பிள்ளையின் விரலைப் பிடித்து அதில் 'அ' எழுத வைப்பதைப் போல, விரலைப் பிடித்து முதல் கட்டையை அழுத்தித் தரச் சொல்லிக் கேட்கிறார்கள். அவளும் மறுப்பதில்லை. அந்த அரிசியெல்லாம் சேர்ந்து அடுத்த பத்து நாளைக்கு எங்க வீட்ல காலையில பொங்கல்தான் அக்கா என்று என்னிடம் சொன்னாள்.

நித்திலாவை மறுபடி ஸ்டூலில் தூக்கி உட்கார வைத்தேன். அரிசியில் எழுதியாயிற்று. மிஸ் அவள் ஆள்காட்டி விரலைப் பிடித்து ஒரு கட்டையில் வைத்து அழுத்தினாள். ஒலி எழுந்து கூடத்தில் நின்றது. வரிசையில் இருந்தவர்கள் கைதட்டினார்கள். நித்திலா என் முகத்தைப் பார்த்தாள், நன்றாகச் செய்தேனா என்று.

மிஸ் விரலை உடனே விடவில்லை. இன்னொரு கட்டைக்குக் கொண்டுபோனாள். பிறகு இன்னொன்று. விரல் போன பக்கமெல்லாம் போனது. அதன்பின் நான் தயார் செய்து வைத்திருந்த கேள்விகளை அவளே கேட்டாள். விரல் எண், வலது இடது, மேல்சத்தம் கீழ்ச்சத்தம். என் மகள் ஒன்றையும் தவறவிடவில்லை.

வரிசை முடியட்டும், கொஞ்சம் உட்காருங்கக்கா என்றாள் மிஸ். கூடம் காலியான பிறகு என்னிடம் வந்தாள்.

"எல்லாம் கரெக்டா சொல்றாக்கா. ஆனா விரல் என் கையில தூங்குது. நான் அழுத்தினா அழுந்துது, விட்டா விழுந்துடுது. அதுக்கா இன்னும் எதுவும் வேணும்னு தோணலை. அடுத்த வருஷம் பார்ப்போமே."

"அதெல்லாம் போகப்போக வந்துடும் மிஸ். நான் உட்கார்ந்து பழக்கிடுவேன்."

"நீங்க பழக்கிடுவீங்கன்னு தெரியுதுக்கா. அதான் பயமா இருக்கு" என்றாள் சிரித்துக்கொண்டே.

விஜயதசமிக்கு இந்தக் கூடம் கொள்ளாதாம். தீபாவளிக்குள் பாதிப் பேர் நின்றுவிடுவார்களாம். பொங்கலுக்கு மேல் நாலைந்து பேர்தான் மிஞ்சுவார்களாம். நின்று போகிற பிள்ளைகள் பிறகு பியானோ இருக்கிற வீட்டுக்குப் போனால்கூட அதன் பக்கம் போவதில்லை என்றாள். இவளை அப்படி ஆக்கிவிட வேண்டாம், வீட்டில் விளையாடட்டும், ஒன்றும் சொல்லிக்கொடுக்காதீர்கள் என்றாள்.

பூதலூருக்குத் திரும்பும் ரயிலில், அவளை வீட்டில் தினமும் எப்போது உட்கார வைப்பது என்று கணக்குப் போட்டுக்கொண்டே வந்தேன். இத்தனைக்கும் அறுவடை முடிந்ததும் புது நெல்லைப் பையில் கொண்டுவந்து, முளைக்கவே இல்லை, விதை செத்துப்போச்சு என்று சண்டைக்கு வரும் விவசாயிகளிடம் நான் சொல்வது ஒன்றே ஒன்றுதான்: "சாகலைங்க, தூங்குது. கொஞ்ச நாள் கழிச்சுக் கொண்டாங்க." சில ரகங்களுக்கு அப்படியொரு உறக்கம் உண்டு. வேலையில் சேர்ந்த நாளிலிருந்து அதைச் சொல்லிவருகிறேன். அதே வார்த்தையை ஒரு சின்னப் பெண் என்னிடம் சொன்னபோது எனக்குக் கோபம்தான் வந்தது.

குளிர்சாதனப் பெட்டியில் ஒட்டிய அட்டவணை

மறுநாளே ஓர் அட்டவணை எழுதிக் குளிர்சாதனப் பெட்டியின் கதவில் ஒட்டினேன். தினமும் மாலை கால்மணி நேரம். டெமோ பட்டன் மேல் ஒரு பிளாஸ்திரி.

முதல் வாரம் உட்கார்ந்தாள். அடுத்த வாரம் தண்ணீர் தாகம் எடுத்தது. அதற்கடுத்து வயிற்றுவலி. கார்த்திகை மழையில் ஒருநாள் நான் வேலை முடிந்து வந்தபோது, வாசலிலேயே நின்று சொன்னாள்: "அம்மா, அடாப்டர் காணோம்மா."

அந்தக் கறுப்பு வயர் இல்லாமல் கீபோர்டுக்கு உயிர் வராது. கட்டிலுக்கு அடியில், உரக்கடையில், துணிக்கூடையில் எல்லாம் தேடினோம். அவளும் கூடவே தேடினாள். கவனமாக, ஒரு இடம் விடாமல்.

ஞாயிற்றுக்கிழமை தஞ்சாவூர் போய்ப் புதிது வாங்கி வருவதாகச் செல்வம் சொன்னார். சனிக்கிழமை இரவுச் சாப்பாட்டுக்கு அரிசி அளக்க டிரம்மைத் திறந்தேன். அரிசி அடிமட்டத்துக்குப் போயிருந்தது. டம்ளரை விட்டுத் துழாவியபோது விரலில் சுருண்டு கிடந்த ஏதோ தட்டுப்பட்டது. பாம்பு என்றுதான் முதலில் நினைத்தேன். வயரைப் பந்தாகச் சுற்றி, ரப்பர்பேண்ட் போட்டு, அழகாகப் புதைத்திருந்தாள். எதையும் சுற்றி ரப்பர்பேண்ட் போடுவது என்னிடமிருந்து வந்த பழக்கம்.

டிரம்மின் உயரம் அவள் கழுத்தளவு. முக்காலியைப் போட்டு ஏறி, தலைகீழாகக் கவிழ்ந்துதான் கை அடிவரை போயிருக்கும். என் பிள்ளை எவ்வளவு பாடுபட்டு அந்தக் கால்மணி நேரத்திலிருந்து தப்பித்திருக்கிறாள். அங்கேயே உட்கார்ந்துவிட்டேன். ஜெனிபர் மிஸ் சொன்ன அந்தப் பிள்ளைகளில் ஒருத்தியாக இவளை நான் ஆக்கிக்கொண்டிருந்தேன். ஒருவேளை ஆக்கியே விட்டேனோ.

செல்வத்தைக் கூப்பிட்டுக் காட்டினேன். அவர் வெகுநேரம் சத்தமில்லாமல் சிரித்தார்.

"நாளைக்குக் கடையில கிடைக்கலன்னு சொல்லிடவா?"

"சொல்லிடுங்க" என்றேன்.

அடாப்டரை இருந்த இடத்திலேயே வைத்து அரிசியை மூடினேன். அட்டவணையைக் கிழித்தேன். பிளாஸ்திரியை உரித்தேன். கீபோர்டை மேசையில் அப்படியே விட்டு, மேலே ஒரு துண்டைப் போட்டேன்.

மாதாமாதம் அரிசி மூட்டையைப் பிரித்து டிரம்மில் கொட்டுவது என் வேலை. ஒவ்வொரு முறையும் அடாப்டரை எடுத்து, தூசி துடைத்து, டிரம்மின் அடியில் அதே இடத்தில் வைத்துவிட்டுத்தான் புது அரிசியைக் கொட்டினேன். தையில் வைத்தேன். மாசியில் வைத்தேன். கோடை போயிற்று. மேட்டூர் திறந்து வாய்க்காலில் தண்ணீர் வந்தது. துண்டு மேசையில் அப்படியே கிடந்தது.

எங்கள் நிலையத்தில் நெல்மணிகளை ஈரத்தாளில் வரிசையாக அடுக்கிச் சுருட்டி நிறுத்தி வைப்போம். புதிதாகச் சேருகிறவர்கள் எல்லாரும் செய்கிற ஒரு தவறு உண்டு: மறுநாளே சுருளைப் பிரித்துப் பார்ப்பது. பிரித்தால் முளை நசுங்கும். நான் அவர்களை அதட்டுவேன். அந்த ஆண்டு அதட்டும்போது என் குரல் கொஞ்சம் இறங்கியிருந்ததாக ஒரு பெண் பிறகு சொன்னாள்.

ஆவணி மாலை

அன்று மழை இருட்டு. ரயிலை விட்டிறங்கி, கடை வழியாகப் போனால் செல்வத்தோடு பேச்சு வளரும் என்று பின்வாசல் வழியாக நுழைந்தேன். சமையலறையில் கால் வைத்ததும் நறநறவென்றது. தரையெல்லாம் அரிசி. முக்காலி டிரம்முக்குப் பக்கத்தில் கவிழ்ந்து கிடந்தது. அரிசி ஒரு கோடாக அறைக் கதவு வரை போயிருந்தது.

உள்ளேயிருந்து சத்தம் வந்தது.

ஒரு கட்டை. அதோடு இன்னொரு கட்டை. நின்றது. முதல் கட்டையோடு வேறொரு கட்டை. மறுபடி நின்றது. பாட்டு மாதிரி இல்லை. எதையோ தேடுகிற மாதிரி இருந்தது. மூன்று கட்டைகள் சேர்ந்து ஒலித்தபோது எனக்குப் பிடிபட்டது. சற்றுமுன் நான் இறங்கிய ரயில் கிளம்பும்போது ஊதிய ஹாரன்.

முழுக்க வரவில்லை, ஒரு கட்டை தவறு. அவளுக்கும் தெரிந்திருந்தது. உச்சுக் கொட்டிவிட்டு முதலிலிருந்து தொடங்கினாள்.

உள்ளே போகக் கூடாது என்று மட்டும் தோன்றியது. துடைப்பத்தை எடுத்தால் சத்தம் கேட்கும். பையைத் தோளில் மாட்டியபடியே உட்கார்ந்து அரிசியைக் கையால் பொறுக்க ஆரம்பித்தேன்.

டீக்காக உள்ளே வந்த செல்வம் என்னைப் பார்த்துத் திகைத்து நின்றார். உதட்டில் விரலை வைத்துக் காட்டினேன். அவரும் காதைச் சாய்த்தார்.

"டெமோவா?" என்றார் கிசுகிசுப்பாக.

"டெமோ தப்பு பண்ணாதுங்க" என்றேன்.

அவர் என் பக்கத்தில் உட்கார்ந்து அரிசி பொறுக்கினார். அப்போது மெயின் லைனில் ஒரு கூட்ஸ் போனது, நீளமாக ஊதிக்கொண்டு. உள்ளே சத்தம் நின்றது. வண்டி போய் முடியும் வரை அவள் காத்திருந்தாள். பிறகு அதைக் கீழ்ச்சத்தத்தில் தேடத் தொடங்கினாள். அன்று எங்கள் வீட்டில் டீயே போடவில்லை.

இரவு சாப்பிடும்போது நித்திலா தானாகச் சொன்னாள்: "அடாப்டர் கிடைச்சிடுச்சும்மா."

"அப்படியா, எங்க இருந்துச்சு?"

"அரிசியில." கொஞ்சம் யோசித்தாள். "எப்படிப் போச்சுன்னு தெரியலை."

செல்வத்துக்குப் புரை ஏறியது. நான் அவளுக்கு ரசம் ஊற்றினேன்.

தாம்பாளம்

அந்த விஜயதசமிக்குப் போகலாமா என்று நான் கேட்கவில்லை. அவள்தான் கேட்டாள். அந்தப் பெரிய பியானோவில் எக்ஸ்பிரஸ் ஹாரன் வருமா என்று தெரிய வேண்டுமாம்.

அதே மாடி, அதே வரிசை. இந்த முறை நான் அவளுக்கு எதையும் பழக்கியிருக்கவில்லை. விரல் எண்கூட மறந்திருப்பாள். இன்னும் ஒரு வருஷம் என்று சொன்னாலும் அழக் கூடாது என்று அவளிடம் சொல்ல நினைத்தேன். அதையும் சொல்லவில்லை. பச்சரிசித் தாம்பாளத்தை இரண்டு கையாலும் ஏந்திக்கொண்டு நின்றேன்.

எங்கள் முறை வந்தது. ஸ்டூலில் அவளே ஏறினாள். மிஸ் குனிந்து, வழக்கம்போல ஆள்காட்டி விரலைப் பிடித்துக் கட்டைக்குக் கொண்டுபோனாள்.

நித்திலா விரலை உருவிக்கொண்டாள்.

மிஸ் மறுபடி பிடித்தாள், கொஞ்சம் அழுத்தமாக. அவள் இந்த முறை கையையே முதுகுக்குப் பின்னால் கொண்டுபோய்விட்டாள். பின்னால் யாரோ, சாமி காரியம் பாப்பா, கையக் குடு என்றார்கள். எனக்கு முகம் சுட்டது. பிள்ளையின் கையைப் பிடித்து முன்னால் கொண்டுவர வேண்டும் போல இருந்தது.

"பிடிக்காதீங்க மிஸ். நானே" என்றாள் நித்திலா.

ஜெனிபர் மிஸ் ஒரு அடி பின்னால் நகர்ந்து, இரண்டு கைகளையும் தன் துப்பட்டாவில் துடைத்துக்கொண்டாள்.

நித்திலா கட்டைகளை ஒரு முறை முழுக்கப் பார்த்தாள். ஒன்றைத் தொட்டாள், கேட்டாள், அதைவிட்டு அடுத்ததற்குப் போனாள். வரிசையில் ஒரு குழந்தை அழத் தொடங்கி நிறுத்தியது. அவள் அவசரப்படவில்லை. பிறகு மூன்று கட்டைகளைச் சேர்த்து அழுத்தி, விடாமல் பிடித்துக்கொண்டாள். கூடத்து ஜன்னல் கண்ணாடி அதிர்ந்தது.

"இது என்ன பாட்டு?" என்று கேட்டாள் மிஸ்.

"பாட்டு இல்ல மிஸ். எக்ஸ்பிரஸ். பூதலூர்ல நிக்காது."

அப்படியே நிற்காமல் போகிற மாதிரி இன்னும் ஒருமுறை அழுத்தினாள். என் பக்கம் திரும்பவே இல்லை.

"செவ்வாயும் வெள்ளியும், சாயங்காலம் அஞ்சு மணிக்கு" என்றாள் மிஸ். என்னிடம் சொல்லவில்லை, அவளிடம் சொன்னாள்.

தாம்பாளம் இன்னும் என் இரண்டு கைகளிலும் இருந்தது. அரிசி நிரம்பக் கனமாக, ஒரு கையை எடுத்தால் சரிந்துவிடும் போல இருந்தது. என் விரல்களை இழுத்துக் காதில் வைத்த அன்று, என் அப்பாவுக்கு அப்படி எதுவும் கையில் இல்லை. எனக்கு இருந்தது, நல்லதாகப் போயிற்று.